வெற்றுச் சில்லில் கற்பூரம்

இது நடந்தது. நடந்ததாம், கேள்விப்பட்டேன் என்று இழுத்துப் பேச நான் தயாரில்லை. இதில் வருகிற நாளும் நேரமும் யாருடைய ஞாபகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. ஓர் இயந்திரம் அச்சடித்துத் தந்த நான்கு தாள்களில் இருப்பவை. அந்தத் தாள்களை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மை மங்கிப்போய்விட்டது. ஆனால் வாசிக்கலாம்.

பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்கிறவர்கள் ஏமாந்து போவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் இருக்க, கடைகள் பூட்டிக் கிடக்க, வெயில் மட்டும் தெருவில் தனியாக நிற்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில்.

நடந்தது றாஹிலாவுக்கு. என் சாச்சியின் மகள். இப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பொய் சொல்ல வராது அவளுக்கு. வந்திருந்தால் அவளை இப்படி ஆளுக்கு ஆள் ஏய்த்திருக்க முடியாது.

சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் அந்தக் காலத்தில் ஓர் ஐஸ் கொம்பனி இருந்தது. அதன் மேல்மாடியில் ஒரே ஓர் அறை. 1996இல் அதை வாடகைக்கு எடுத்தவர் சாலிஹ். பதின்மூன்று வருடம் நெதர்லாந்தில் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். ஊரில் அவருக்கு ‘ஹொலண்ட் சேர்’ என்று பெயர். அதிர்ந்து பேச மாட்டார். வெள்ளைச் சேர்ட்டில் ஒரு மடிப்புக் கலையாது. அப்படிப்பட்டவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவர் கொண்டு வந்த சொத்து பன்னிரண்டு சில்லுகள். ஒவ்வொன்றும் சின்னவிரல் நகமளவு. நடுவில் வெங்காயத் தோலை விட மெல்லிய ஒரு படலம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கம்பிகள். சில கம்பி சூடாக்கும், சில கம்பி சூட்டை அளக்கும். கலோரிமானி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு செப்புக் கிண்ணத்தைக் காட்டுவார்களே, அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரு நகத்துக்குள் அடக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீனிக் கல்லை நூறாக உடைத்து, அதில் ஒரு துணுக்கை நடுவில் வைத்தால் போதும். அது எத்தனை பாகையில் உருகுகிறது, உருகுவதற்கு எவ்வளவு சூட்டைக் குடிக்கிறது என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும்.

சொல்வது கோட்டில். கணினியோடு பூட்டிய அச்சுப்பொறி கிர்ர்... கிர்ர்... என்று ஒரு கோடு போடும். பொருள் உருகும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். தேன்மெழுகு என்றால் அறுபத்திரண்டில் பள்ளம். வெள்ளீயம் என்றால் இருநூற்று முப்பத்திரண்டில். ஆளுக்கு ஆள் கைரேகை மாறுகிற மாதிரி, பொருளுக்குப் பொருள் பள்ளம் மாறும்.

இதெல்லாம் ஐஸ் கொம்பனி மாடியில் எதற்கு என்றால், மீன்பெட்டிக்கு. பெட்டிச் சுவருக்குள் ஊற்றிவிட்டால் ஐஸ் இல்லாமலே இரண்டு நாள் குளிரைப் பிடித்து வைக்கிற ஒரு மெழுகுக் கலவையைத் தேடினார்கள். தேடியது இரண்டு பேர். ஒருத்தி இரசாயனப் பட்டதாரி றாஹிலா. மற்றவர் காலிதீன்.

காலிதீனுக்கு ஊர் மன்னார்ப் பக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்ட குடும்பம். மனைவியும் மூன்று பிள்ளைகளும் புத்தளம் முகாமில் ஓலைக் குடிசையில். இவர் மட்டும் இங்கே வேலைக்கு. நல்ல நெட்டை. கை நடுங்காத மனிதர். ஈர்க்கின் நுனியில் ஒரு கண்ணிமை மயிரை ஒட்டி, சின்னதைப் பெரிதாக்கும் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தபடி, தூசியளவு மெழுகைத் தொட்டெடுத்துச் சில்லின் நடு மையத்தில் வைப்பார். அந்த வேலையை றாஹிலாவுக்குப் படிப்பித்தவரும் அவர்தான். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பாள் அவள்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. காலையில் ஒரு தரமும் மத்தியானம் ஒரு தரமும் வெற்று ஓட்டம் ஓட வேண்டும். சில்லில் எதுவும் வைக்காமல் இருநூற்றைம்பது பாகை வரை சூடாக்கிக் கோடு எடுப்பது. கோடு நேராக வந்தால் சில்லு சுத்தம். விரல் பட்ட அழுக்கிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு வருடத்தில் அந்தக் கலவை கிடைத்தது. கண்டுபிடித்தவள் றாஹிலா. அதைக் காலிதீனே வாய்விட்டுச் சொன்னார். அறிக்கை நெதர்லாந்துக்குப் போகும், அதில் முதல் பெயர் யாருடையதோ அவருக்கு அங்கே மேற்படிப்புக்கு இடம் என்று சாலிஹ் சொல்லியிருந்தார். அந்த இடத்தை நினைத்து றாஹிலா இரண்டு கலியாணப் பேச்சைத் தட்டிக் கழித்திருந்தாள்.

“பயப்படாதீங்க தங்கச்சி. உங்கட பேர்தான் முதல்ல” என்றார் காலிதீன்.

1998 ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை. காலிதீன் பையைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போனார். பிள்ளைக்குச் சுகமில்லை என்றார். போகும்போது றாஹிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை, சாலிஹின் மேசையில் அறிக்கையின் பிரதி கிடந்தது. பெயர்கள் இரண்டு. சாலிஹ். காலிதீன். கீழே காலிதீனின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், தட்டச்சு உதவிக்கு நன்றி என்று போட்டு றாஹிலாவின் பெயர்.

தட்டச்சு உதவி!

றாஹிலா நேரே போய்க் கேட்டாள்.

“நான் என்ன புள்ள செய்ய? காலிதீன்தான் அப்படிப் போடச் சென்னான்” என்றார் சாலிஹ், குரலை உயர்த்தாமல். “இனி அவன் வரவும் மாட்டான். கொழும்புல வேற வேல எடுத்திட்டான். நீங்க மிச்சம் இரிக்கிற பன்னெண்டு ஓட்டத்தையும் மாதக் கடைசிக்குள்ள முடிச்சித் தாங்க. இறுதி அறிக்கையில ஒங்கட பேர நான் போடுறன்.”

அன்று இரவு தானும் கொழும்பு போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மாடியில் தனியாக நின்ற றாஹிலா, காலிதீனின் ஸ்டூலைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள்: “இந்த உலகத்திலயும் பொருந்த மாட்டன். மறுமையிலயும் பொருந்த மாட்டன்.”

எங்கள் ஆட்களிடம் இது சும்மா கோபத்தில் சொல்லிவிட்டு மறக்கிற வார்த்தை அல்ல. ஒருவருக்குச் செய்த அநியாயத்தை அவரே பொருந்திக்கொண்டால்தான், அதாவது மனதார மன்னித்தால்தான், செய்தவனுக்குக் கபுறில், அந்த மண்ணறைக்குள், நிம்மதி. பிரேதத்தை வைத்துத் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் எழுந்து நின்று, மௌத்தானவர் யாருக்காவது பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தவர் கேட்பது அதற்காகத்தான். றாஹிலா அந்தக் கதவை அடித்துச் சாத்தினாள்.

செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை.

கீழே ஐஸ் மோட்டார் நின்றிருந்தது. ஜும்ஆவுக்காக எல்லோரும் போய்விட்டார்கள். பொறிக்காரர் குணம் மட்டும் வாசலில். பாண்டிருப்புத் தமிழர்; அவருக்கு ஜும்ஆ இல்லை. றாஹிலா மேலே கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். தனியாக இருக்கும்போது எப்போதும் செய்வதுதான்.

மத்தியான வெற்று ஓட்டம். பொத்தானை அழுத்தினாள்.

கிர்ர்... கிர்ர்...

கோடு நேராக வந்தது. நூறு. நூற்றைம்பது. பிறகு சடாரென்று ஒரு பள்ளம். நூற்று எழுபத்தேழில்.

துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். கோடு நேராக இருந்தது. புத்தகத்தைப் புரட்டினாள். நூற்று எழுபத்தேழு பாகை... கற்பூரம்.

குணம் வெள்ளிக்கிழமைகளில் மோட்டாருக்குக் கற்பூரம் கொளுத்துவது ஞாபகம் வந்தது. படியிறங்கிப் போய்க் கேட்டாள்.

“குணம் அண்ணன், மேல வந்தீங்களா?”

“நான் ஏன் பிள்ள வாறன்? மேல ஏறினா சேர் கத்துவாரே.”

“கற்பூரம் கொளுத்தினீங்களா?”

“இல்ல பிள்ள. ஆவணி பிறந்ததிலயிருந்து வாங்க மறந்து மறந்து போகுது.”

அவள் மேலே ஏறி வரும்போதுதான் அந்த விஷயம் மண்டையில் உறைத்தது. கற்பூரம் திறந்து கிடந்தால் தானாகவே காற்றில் கரைந்து போகிற சாமான். அலுமாரிக்குள் வைத்த கட்டியே தேய்ந்து போகும். தூசியளவுத் துணுக்கு என்றால், எங்கள் ஊர்ச் சூட்டில் பத்து நிமிடம் கூடத் தாங்காது.

அப்படியென்றால் அது காலையில் விழுந்ததல்ல. அவள் பொத்தானை அழுத்துவதற்குச் சற்று முன், தாழ்ப்பாள் போட்ட அறைக்குள், யாரோ வைத்தது.

தாளின் மூலையில் நேரம் அச்சாகியிருந்தது. 12.53.

செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை.

இந்த முறை வெற்று ஓட்டத்தை 12.30க்கே முடித்துவிட்டாள். கோடு சுத்தம். இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, மூலையில் பாயை விரித்து ளுஹர் தொழ நின்றாள்.

இரண்டாவது ரக்அத்தில், நெற்றி தரையில் இருக்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

டக்.

பொத்தான் அழுத்துகிற சத்தம்.

பிறகு... கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

தொழுகையை முறிக்கவில்லை. முறிக்கத் துணிவு வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மீதி ரக்அத்தில் என்ன ஓதினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் வலப்பக்கம் ஸலாம் கொடுத்தாள். இடப்பக்கம் கொடுக்கும்போது கடைக்கண்ணில் ஸ்டூல் தெரிந்தது.

அவள் குள்ளம். ஸ்டூலை உயர்த்தித்தான் உட்காருவாள். காலையிலும் உயர்த்தித்தான் வைத்தாள்.

இப்போது அது இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ஒரு நெட்டை மனிதர் உட்காருவதற்குத் தோதாக.

தாளை எடுத்தாள். பள்ளம் நூற்று எழுபத்தேழில். நேரம் 12.53.

ஏன் அவள் அன்றைக்கே ஓடிவிடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஓடினால் பன்னிரண்டு ஓட்டம் முடியாது. முடியாவிட்டால் பெயர் வராது. இரண்டு வருட உழைப்பை ஒருவன் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனான், மிச்சத்தையும் பயத்துக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று என்னிடமே சீறினாள். கதவைத் திறக்கக் காலிதீன் சாவி வைத்திருக்கலாம், பயம்காட்டி விரட்டப் பார்க்கிறார் என்று கூட நினைத்தாளாம். உள்தாழ்ப்பாளைச் சாவியால் எப்படித் திறப்பது என்பதை மட்டும் யோசிக்க விரும்பவில்லை.

செப்டம்பர் 18, வெள்ளிக்கிழமை.

இன்றைக்குக் கண்ணாலே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தாள்.

தாழ்ப்பாள் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். சன்னல் இரண்டையும் பூட்டினாள். கணினியில் இயக்குபவர் பெயர் கேட்டது. தன் பெயரை அடித்தாள். கண்மயிர் ஒட்டிய ஈர்க்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். 12.40க்கு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள்.

சில்லின் நடுப்பகுதி பெரிய முற்றம் போலத் தெரிந்தது. வெறுமையாக. பளபளவென்று.

12.48. ஒன்றுமில்லை.

12.50. தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாமின் குரல். பிறகு அதுவும் நின்றது.

12.51. கண் கரித்தது. இமைக்காமல் இருந்தாள்.

12.52...

பார்வையின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு உள்ளே வந்தது.

மெதுவாக. நடுங்காமல்.

கண்மயிரின் நுனி.

நுனியில் ஒரு வெள்ளைத் துணுக்கு.

அது நடு மையத்துக்கு வந்தது. நின்றது. துணுக்கை இறக்கி வைத்தது.

றாஹிலா தலையைத் தூக்கினாள்.

மேசையில் எதுவுமில்லை. யாருமில்லை. ஈர்க்கு கண்ணாடிப் பெட்டிக்குள், வைத்தபடியே, மூடியோடு.

மறுபடி குனிந்து பார்த்தாள்.

கண்மயிர் பின்வாங்கிப் போய்க்கொண்டிருந்தது...

வெள்ளைத் துணுக்கு மட்டும் கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதன் ஓரம் கரைந்தது.

டக்.

கிர்ர்... கிர்ர்...

அவள் கை பொத்தானுக்குப் பக்கத்தில் கூட இல்லை.

தாள் வெளியே வந்தது. நூற்று எழுபத்தேழு. 12.53. இயக்கியவர் என்ற இடத்தில் அவள் அடித்த பெயர் இல்லை.

காலிதீன் என்று இருந்தது.

செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கினாள். கீழே குணம் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. சாலிஹ் ஜும்ஆ முடிந்து வாசலில் வந்து இறங்கும்வரை வெயிலிலேயே நின்றாள்.

“சேர், காலிதீன் காக்கா உயிரோடதான் இரிக்காரா?”

சாலிஹின் முகத்தில் ஒன்று வந்து போனது. ஒரு கணம்தான்.

“என்ன மடக் கத இது? நேத்தும் டெலிபோன் கோல் எடுத்தான். நீங்க வேலையப் பாருங்க புள்ள.”

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் சொன்னதை அவள் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை, 22ஆம் திகதி, வாப்பாவைக் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினாள். பதியத்தலாவை, மகியங்கனை, கண்டி என்று ஒரு முழுநாள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, பின்னேரம் அஸர் கழிந்து போய்ச் சேர்ந்தார்கள். குடிசை வாசலில் சொன்னார்கள், ஆம்பிளைகள் உள்ளே போக ஏலாது என்று. வாப்பா வெளியிலேயே நின்றார்.

உள்ளே காலிதீனின் மனைவி சுல்பிகா உட்கார்ந்திருந்தாள். வெள்ளை உடுத்து, இத்தாவில்.

கணவன் மௌத்தானால்தான் அந்த வெள்ளை.

“எப்ப?” என்றாள்.

“மூணாம் திகதி வியாழக்கிழமை, இராவு இஷாவுக்குப் பிறகு. அடுத்த நாள் ஜும்ஆவோட அடக்கியாச்சு. ஏன் தங்கச்சி, சாலிஹ் சேர் உங்களிட்டச் சொல்லலையா? அவர் இங்கதான் நிண்டார்.”

வியாழக்கிழமை சாலிஹ் வந்திருக்கிறார். காலிதீனோடு நெடுநேரம் கதைத்திருக்கிறார். கல்முனையிலிருந்து மஸ்கட் அல்வா ஒரு பார்சல் கொண்டு வந்து, கூட இருந்து சாப்பிட வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளி, இனிப்புக் கொடுக்கவில்லை. பொழுது பட்டு மஃரிபுக்குக் காலிதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்தது.

“உங்கட விஷயம்தான் அவருக்குப் பெரிய பாரம்” என்றாள் சுல்பிகா. “கையெழுத்துப் போடாட்டி வேலை இல்லையெண்டு சேர் சொன்னாராம். மூணு பிள்ளையள வச்சிக்கொண்டு என்ன செய்ய, போட்டிட்டார். போட்டுட்டு வந்து மூணு நாள் சோறு இறங்கல்ல. ஹொலண்டுக்கு உண்மைய எழுதப் போறன், வெள்ளிக்கிழமை நேர போய் தங்கச்சியிட்டப் பொருத்தம் கேக்கப் போறன் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தார்.”

றாஹிலா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஆனா அல்லாஹ் உங்களுக்கு நல்ல மனசத் தந்திரிக்கான். ஜனாஸாவில பொருத்தம் கேக்கேக்க சாலிஹ் சேர் எழும்பி நிண்டு, றாஹிலாவும் மனசாரப் பொருந்திட்டா, என்னட்டச் சொல்லி அனுப்பினா எண்டு சொன்னாராம். கிட்டத்தட்ட ஒரு மணி இருக்கும். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.”

சொல்லிவிட்டு அவள் றாஹிலாவின் கையை எடுத்து முத்தமிட்டாள்.

பெயரைத் திருடினார், சரி. உழைப்பைத் திருடினார், சரி. அவள் கொடுக்காத மன்னிப்பைக் கூட அவள் பெயரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்! அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்தில்தான் இங்கே, தாழ்ப்பாள் போட்ட அறைக்குள், முதல் கோடு இறங்கியிருக்கிறது. காலிதீனின் மேலும் கோபம் தீரவில்லை. பயந்துதான் போட்டார் என்றாலும் போட்டது அவர் கைதானே? பொருந்திட்டேன் என்ற வார்த்தை வெளியே வரவில்லை.

எழும்பும்போது ஒன்று மட்டும் கேட்டாள். “மையித்துக்குப் போட்ட கற்பூரம் எங்க வாங்கின?”

“நாங்க எங்க அலையிற? கபன் துணி, கற்பூரம், அத்தர் எல்லாம் சாலிஹ் சேர்ட பைக்குள்ள இருந்தது. மிஞ்சின கற்பூரம் இந்தா, இன்னும் கிடக்கு.”

சின்னப் பொட்டலம். சுற்றிய தாளில் ஒரு கடை முத்திரை. அதை ஏன் வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை.

சாலிஹ் கொழும்புக்குப் போயிருந்தார். விமானச் சீட்டு விஷயமாம். திங்கட்கிழமை வருவேன், அதற்குள் மிச்சம் இரண்டு ஓட்டத்தையும் முடித்து வையுங்கள் என்று சொல்லியிருந்தார்.

மூன்று இரவு நித்திரை இல்லாமல் யோசித்து றாஹிலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். காலிதீன் வருவது பொருத்தம் கேட்டு. பொய்ப் பொருத்தம் செல்லுபடியாகவில்லை, அதனால்தான் அலைகிறார். கொடுத்துவிட்டால் போய்விடுவார்.

12.45க்கு மாடிக்குப் போனாள். இந்த முறை கதவைத் தாழிடவில்லை. ஸ்டூலை அவளே இறக்கி வைத்தாள்.

“காலிதீன் காக்கா” என்றாள். “பொருந்திட்டன். மனசாரப் பொருந்திட்டன். நீங்க போங்க காக்கா.”

அழுதாள். உண்மையாகவே பொருந்தித்தான் சொன்னாள்.

12.50.

12.52.

12.53.

சத்தம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சை விட்டாள்.

டக்.

கிர்ர்...

தாள் வந்தது. அதே பள்ளம்.

டக். கிர்ர்...

மறுபடி.

டக். டக். டக்.

தாள் நிற்கவில்லை. மேசையிலிருந்து தரைக்கு இறங்கியது. ஒரே பள்ளம். ஒரே இடம். நூற்று எழுபத்தேழு... நூற்று எழுபத்தேழு...

அறை முழுக்கக் கற்பூர வாசம்.

பொருத்தம் கேட்டு அவர் வரவில்லை.

கற்பூரம். அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

றாஹிலா வந்த தாளைக் கிழித்தெடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். தெருவில் நின்று கைப்பையைக் கொட்டித் தேடினாள். பொட்டலத் தாளின் முத்திரையை அப்போதுதான் வாசித்தாள். கல்முனை. ஸம்ஸியாவின் வீட்டுக் கடை. மையித்தைச் சுற்றுகிற கபன் துணியும் அத்தரும் விற்கிற, பெண் மையித்துகளைக் குளிப்பாட்டப் போகிற ஸம்ஸியா.

கல்முனையிலிருந்து புத்தளம் ஒரு முழுநாள் பயணம். காலிதீன் மௌத்தானது வியாழன் இரவு. சாலிஹ் அதற்கு முன்பே அங்கே இருந்தவர். அப்படியென்றால் கல்முனைக் கற்பூரம் எப்போது வாங்கியது?

ஆட்டோ பிடித்துப் போனாள். ஸம்ஸியா தின்பண்டம் ஏதோ மென்றபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். றாஹிலாவை அவளுக்கு முன்பின் தெரியாது. பொட்டலத்தைக் காட்டினதும் தலையை ஆட்டினாள்.

“ஓம், என்ட கடைச் சாமான்தான். ஹொலண்ட் சேர் வந்து எடுத்த. மாதப் பொறப்புல.”

“என்ன கிழம ராத்தா?”

“புதன்கிழம. அஸருக்குப் பாங்கு செல்லக்குள்ள வந்தாரு. அவசரமாப் பயணம் எண்டாரு.”

புதன்கிழமை. அன்றைக்குக் காலிதீன் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

ஸம்ஸியா மடித்த துணியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ரெண்டு கபனுக்குத் துணி வெட்டிக் குடுத்தன் புள்ள. ஆம்புளைக்கு மூணு துண்டு, பொம்புளைக்கு அஞ்சு துண்டு. ஆரு சேர் மௌத்து எண்டு கேட்டன். என்னட்ட வேல செஞ்ச ரெண்டு பேரு எண்டாரு, பாவம், கண்ணெல்லாம் கலங்கிரிந்த.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அந்தப் பொம்புளப் புள்ளய எங்க அடக்கின?”